மாதிரி காசோலைப் படம் ஏன் போடவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, பசியாறிட்டு நிதானமா படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நாங்கள் நடத்திய உணவுச் சந்தைக்கு வந்தவர்கள், வர முடியாமல் கூப்பன் மட்டும் வாங்கியவர்கள், பெட்டி பெட்டியாகப் பொருள் கொண்டுவந்து இறக்கியவர்கள் எல்லாருக்கும் முதலில் நன்றி. அன்றைக்கு ராத்திரியிலிருந்து புலனத்திலும் இங்கேயும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "பிள்ளைங்களுக்குக் காசு கொடுத்த படம் எங்கே? பெரிய செக்கோட ஒரு படமாவது போடுங்க, அப்பதானே கொடுத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்." கேட்பதில் தப்பு இல்லை. காசு கொடுத்தவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கு. படம் கிடையாது, இனிமேலும் வராது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. கணக்கும் கீழே இருக்கு.

இது எங்கிருந்து ஆரம்பிச்சது என்று சொல்லணும். 2024 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை காலை. சித்தியவான், லூமுட் வட்டாரத்தில் இருக்கிற யாருக்கும் அந்தக் காலை மறந்திருக்காது. கடற்படையின் 90ஆவது ஆண்டு விழா அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது லூமுட் தளத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் வானிலேயே மோதி விழுந்தன. பத்துப் பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் நம் தமிழ் இளைஞர் ஒருவரும் இருந்தார். நம்ம வட்டாரத்தில் கடற்படையில் யாராவது ஒருத்தர் இல்லாத தெரு குறைவு. அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்தது. "உங்க தம்பி டியூட்டியா? உங்க மருமகன் எந்தக் கப்பல்ல?" சாயந்தரம் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினோம். வழக்கமா வெள்ளிக்கிழமைகூட வராதவர்கள் அன்றைக்கு வந்து தூண் ஓரமா நின்றார்கள்.

அந்தப் பத்துக் குடும்பங்களுக்கு நாடே கை நீட்டியது. அங்கே நாங்கள் போய்ச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பங்களின் துக்கத்தைப் பற்றி இங்கே எழுதுவதும் எங்கள் வேலை இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி பிரசாதம் கொடுத்து முடிச்சு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, நம்ம கோயிலில் பல வருஷமாகத் தொண்டு செய்கிற முன்னாள் கடற்படைக்காரர் ஒருவர் சொன்ன வார்த்தை எங்களை விடவில்லை. "பேப்பர்ல வந்தவங்க வீட்டுக்கு எல்லாரும் போவாங்க தம்பி. போகட்டும், போகணும். பேப்பர்ல வராம செத்தவன் வீட்டுப் பிள்ளைங்க இங்கேயே ரெண்டு தெரு தள்ளி இருக்குது. அது யாருக்காவது தெரியுமா?"

எங்களுக்குத் தெரியலை. தேட ஆரம்பிச்சோம்.

தேட ஆரம்பிச்சதும் முதல் சண்டை வந்தது. யாரை "வீரமரணம்" என்று சொல்வது? கூட்டத்தில் இரண்டு மணி நேரம் போனது. சிலர் சொன்னது, சண்டையில் இறந்தவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம், அப்போதுதான் நோட்டீஸில் போட ஒரு கம்பீரம் இருக்கும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் நம் நாட்டு வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். அவசரகாலம் 1948இல் தொடங்கி 1960 ஜூலை 31இல் முடிந்தது. அந்தத் தேதியைத்தான் இன்றைக்கும் வீரர் தினமாகக் கொண்டாடுகிறோம். பிறகு 1968இலிருந்து மறுபடியும் காட்டுச் சண்டை. 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் வரைக்கும் ஓடியது. அந்தக் காலத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளில் பலர் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அதற்குப் பிறகும் உயிர்ச்சேதம் இல்லாமல் இல்லை. 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில், அமெரிக்க வீரர்களை மீட்கப் போன நம் படையில் மாட் அஸ்னான் அவாங் உயிர்விட்டார். 2000 ஜூலையில் நம்ம பேராவிலேயே, சவுக் ஜெனாலிக் மலையில், ஆயுதக் கொள்ளைக் கும்பல் பிடித்துவைத்த பிணைக்கைதிகளில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் நம் தமிழ்ப் போலீஸ்காரர் சங்கதேவன், இன்னொருவர் ராணுவ வீரர் மேத்தியூ அனாக் மெடான். இரண்டு பேருக்கும் இறந்த பிறகு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா கொடுத்தார்கள். 2013இல் லஹாட் டத்து சம்பவத்தில் போலீஸ்காரர் எட்டுப் பேர், ராணுவ வீரர் இரண்டு பேர்.

இவ்வளவுதான் பெரும்பாலும் நமக்கு ஞாபகத்தில் நிற்பது. மற்றபடி சீருடையில் இருப்பவர்கள் சாவது எப்படி? பயிற்சியில். கடலில். லாரி கவிழ்ந்து. விடுமுறை முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக மோட்டோவில் முகாமுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில். லூமுட் பத்துப் பேரும் ஒத்திகையில்தான் போனார்கள். அவர்களை வீரர் இல்லை என்று யாராவது சொல்வோமா? அப்படியானால் முகாமுக்குத் திரும்பும் வழியில் விழுந்தவனுடைய ஏழு வயசு மகளுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

கடைசியில், பணியில் இருக்கும்போது இறந்தவர் யாராக இருந்தாலும் சரி, எப்படி இறந்தாலும் சரி என்று முடிவெடுத்தோம். பணியை விட்டு வெளியே வந்து கொஞ்ச காலத்தில் நோயில் போனவர்களின் பிள்ளைகள் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கு. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சண்டை போடுவோம், பரவாயில்லை.

இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள், அரசாங்கம்தான் கொடுக்குதே என்று. கொடுக்குது. இல்லையென்று சொன்னால் அது பொய். பணியில் இறந்தவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதிய ஏற்பாடு இருக்கு. ராணுவ நிதி வாரியத்தில் சேர்ந்த காசு வரும். முன்னாள் ராணுவத்தினர் விவகார இலாகா, அதாவது ஜேஎச்இவி, சில உதவிகள் வைத்திருக்கு. ஒவ்வொரு வருஷமும் வீரர் தினத்தையொட்டி நாடு முழுக்க வீரர் நிதிக்கு வசூல் நடக்குது. இதெல்லாம் நல்ல காரியம். நாங்கள் அதோடு போட்டி போட வரவில்லை.

ஆனால் காசு வருவதற்கும் வாழ்க்கை ஓடுவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கு. நாங்கள் பார்த்த வீடுகளில் அதுதான் பிரச்சினை. முதல் விஷயம் வீடு. முகாம் குவார்ட்டர்ஸில் இருக்கும் குடும்பம், அப்பா போன பிறகு கொஞ்ச கால அவகாசத்தில் வெளியே வரணும். வீடு மாறினால் பள்ளிக்கூடம் மாறுது. பள்ளிக்கூடம் மாறினால் கூட்டாளி மாறுது. அப்பா இறந்த அதே வருஷத்தில் ஒரு பிள்ளை வீடு, பள்ளி, சிநேகிதர்கள் எல்லாத்தையும் சேர்த்து இழக்குது. இரண்டாவது, முகாமில் இருந்தவரைக்கும் பள்ளிக்கு ராணுவ லாரி வரும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அங்கிள் தன் காடியில் ஏற்றிக்கொண்டு போவார். வெளியே வந்தால் வேன். ஒரு பிள்ளைக்கு மாசம் நூறு வெள்ளி என்றால், மூன்று பிள்ளைக்கு முந்நூறு. மூன்றாவது, பாரங்கள். ஒரு அக்கா எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பாரங்களைக் காட்டினார். பாதி நிரப்பி இருந்தது. "இதுல எது முக்கியம், எது முக்கியமில்லைன்னே எனக்குத் தெரியல" என்றார். அவருக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. துக்கத்தில் இருக்கும்போது பாரம் படிப்பது வேறு மாதிரி வேலை.

இப்படித் தேடிப் போனதில் எங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் ஐந்து குடும்பம், ஒன்பது பிள்ளைகள் கிடைத்தார்கள். இரண்டு தமிழ்க் குடும்பம், இரண்டு மலாய்க் குடும்பம், ஒரு இபான் குடும்பம்.

இங்கே இரண்டாவது சண்டை. கோயிலுக்கு வரும் சில பெரியவர்கள் நேராகவே கேட்டார்கள்: "நம்ம பிள்ளைங்களே எத்தனையோ பேர் கஷ்டப்படுதுங்க, நம்ம கோயில் காசு ஏன் மத்தவங்களுக்கு?" இந்தக் கேள்வியைக் கேவலமாக நினைக்கக் கூடாது. பல வருஷமாக நம் ஜனங்கள் பட்டது அப்படி. பதில் சொன்னவர் அதே முன்னாள் கடற்படைக்காரர்தான். ரொம்பப் பேசவில்லை. கப்பலில் இருக்கும்போது தீப்பிடித்தால் யார் முதலில் உள்ளே போவார்கள் தெரியுமா என்று கேட்டார். அந்த ஷிஃப்டில் இருக்கிறவன். அவன் பேர் என்ன, எந்தச் சாமி கும்பிடுவான் என்று பார்க்க அங்கே நேரம் இல்லை என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டால், எல்லாரும் இல்லை.

ஆனால் அந்தப் பெரியவர்களின் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. உண்டியல் காசு அம்பாளுக்குப் போட்டது. போட்டவர்களைக் கேட்காமல் அதை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது சரியில்லை. அதனால் கோயில் கணக்கை ஒரு காசுகூடத் தொடவில்லை. தனி வசூல், தனிக் கணக்குப் புத்தகம், மூன்று பேர் கையெழுத்து. பொது இடத்தில் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கு, வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கான சட்டம். அதன்படி காவல்துறை அனுமதி வேண்டும். இதைச் சொல்வது ஏனென்றால், போன வாரம்கூட யாரோ கோயில் பெயரைச் சொல்லி டின் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகளில் சுற்றியதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் டின் தூக்குவதே இல்லை. அப்படி யார் வந்தாலும் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, வருமான வரிக் கழிவுக்கு ரசீது கேட்டவர்களுக்கு: அதற்கு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கியிருக்கணும். எங்களிடம் அது இல்லை. வரிக் கழிவு வேண்டுமென்றால் அந்த அங்கீகாரம் உள்ள அமைப்புகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள், எங்களுக்கு வருத்தமே இல்லை.

சரி, மேடை விஷயத்துக்கு வருகிறோம்.

உணவுச் சந்தை என்று முடிவானதும் ஒரு பெரிய மனிதர் தானாகவே கூப்பிட்டார். பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்தான். பத்தாயிரம் வெள்ளி தருகிறேன் என்றார். எங்களுக்குக் கை கால் ஓடலை. ஒரே ஒரு விஷயம்: மேடையில் ஒன்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, மூன்றடி நீள மாதிரி காசோலையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கணும், பத்திரிகைக்குக் கொடுக்கணும். உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். எங்களில் பாதிப் பேர் அதே நிமிஷம் சரி என்று சொல்லிவிடலாம் என்றார்கள்.

பிள்ளைகளைக் கேட்காமல் சொல்ல முடியாதே என்று ஐந்து வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் படிவம் மூன்று படிக்கும் பெண் பிள்ளை. அம்மா காப்பி கலக்க உள்ளே போன நேரத்தில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே சொன்னது: "அங்கிள், நான் வரல. காசு வேணாம்னாலும் பரவால்ல." ஏம்மா என்று கேட்டோம். அப்பா இறந்த வருஷம் எங்கேயோ ஒரு விருந்தில் அவர்களை மேடையேற்றி இருக்கிறார்கள். பெரிய அட்டையில் பெரிய தொகை. அது எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்த தொகை. இவர்கள் கைக்கு வந்தது அதில் சின்னப் பங்கு, அதில் ஒன்றும் தப்பு இல்லை. ஆனால் படம் ஊரெல்லாம் போனது. வகுப்பில் ஒரு பையன் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "உன் கிட்டதான் இவ்ளோ காசு இருக்கே, எங்களுக்கெல்லாம் பெலாஞ்சா பண்ணு" என்றிருக்கிறான். விளையாட்டாகத்தான். ரொம்ப நாளைக்கு அந்தப் பிள்ளை இடைவேளையில் கேண்டீன் பக்கம் போகவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

இதைச் சொல்லும்போது அது அழவில்லை. கணக்குப் பாடம் சொல்வது மாதிரி சொன்னது. காப்பியைக் குடிக்க எங்களால்தான் முடியவில்லை.

சரி, அப்படியானால் மேடையே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனால், அங்கே வேறு கதை. ஆயர் தாவார் பக்கம் இருக்கும் மலாய்க் குடும்பம். அந்த அம்மா நாசி லெமாக் விற்கிறவர். நாங்கள் "காக், கவலைப்படாதீங்க, பிள்ளைங்களை மேடைக்குக் கூப்பிட மாட்டோம், யார் பேரும் சொல்ல மாட்டோம்" என்று பெருமையாகச் சொன்னோம். அவருக்கு முகம் மாறிப்போச்சு. "என் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். பயிற்சியில் இறந்தவர் அவர். அடக்கம் பண்ணின அன்றைக்கு மரியாதை செய்தார்களாம், அதோடு சரி. வீரர் தினம் வந்தால் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பாராம். "அங்க எல்லாருக்கும் சேர்த்து ஊதுறாங்க. என் பையன் அவங்கப்பா பேரை யாராவது மைக்ல சொல்லிக் கேட்டதே இல்ல." இது மலாயில் சொன்னது, நாங்கள் தமிழில் எழுதுகிறோம். அவர் சொன்ன விதம் இன்னும் நேராக இருந்தது.

ஒரு வீட்டில் மேடை வேண்டாம், இன்னொரு வீட்டில் பேர் வேண்டும். திரும்பி வரும் வழியில் காடியில் யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் எங்கள் பொருளாளர்தான் பிரித்துச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணு இல்லண்ணே. அந்தக் காக் கேக்குறது மரியாதை. அந்தப் பொண்ணு வேணாங்குறது நாம காசு கொடுக்குறதைக் காட்டுறது. நாமதான் ரெண்டையும் ஒரே மேடையில வைக்கிறோம்." இவ்வளவு வருஷமாக விருந்துகளில் பொன்னாடையும் காசோலையும் ஒன்றாகப் பார்த்துப் பழகினதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு போயிருக்கு. பிரித்துவிடலாம்.

அப்படித்தான் செய்தோம். மேடையில் பெயர்கள் மட்டும். அதையும் யோசித்துச் செய்தோம். ஐந்து பெயரை மட்டும் படித்தால், யாருக்குக் காசு போகுது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் நம்ம வட்டாரத்தோடு சம்பந்தப்பட்ட, சீருடையில் இறந்தவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்த எல்லாப் பெயரையும் சேர்த்தோம். லூமுட் பத்துப் பேர். எழுபதுகளில் காட்டில் இறந்தவர்கள். குடும்பம் நல்ல வசதியோடு இருக்கிறவர்கள். ஒரு குடும்பம் பெயர் வேண்டாம் என்றது, அதை விட்டுவிட்டோம். மொத்தம் இருபத்து மூன்று பெயர், இறந்த வருஷ வரிசையில். படித்தவர் நம்ம முன்னாள் கடற்படைக்காரர். சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார். அதை அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளே அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்களாம்.

மண்டபம் ஏன் தமிழ்ப்பள்ளியில், ஏன் கோயிலில் இல்லை என்று கேட்டவர்களுக்கும் இதோடு பதில். மலாய்க் குடும்பங்கள் சங்கடம் இல்லாமல் வந்து உட்காரணும். எங்கள் கடைகள் எல்லாம் சைவம். தோசை, மீ கோரேங், கச்சான் பூத்தே, பாயசம். அந்தக் காக் தன் நாசி லெமாக்கைத் தன் வீட்டிலேயே சமைத்து, தன் மேசையில் தானே விற்றார். அது நாங்கள் கொடுத்த சலுகை இல்லை, அவராகக் கேட்டது. "எனக்கு உதவி வேணும்னா ஒரு மேசை கொடுங்க" என்றார். முந்நூறு பொட்டலம் பதினோரு மணிக்குள் காலி. விற்றதில் பாதியை நிதிக்கே போடப் பார்த்தார். நாங்கள் வாங்கவில்லை. மூலையில் நின்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் அவர் பையன் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

பிள்ளைகள் ஒன்பது பேரும் வந்தார்கள். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் கூப்பன் மேசையில், ஒரு பையன் ஐஸ் உடைக்கும் இடத்தில், சின்னதுகள் பலூன் வெடித்துக்கொண்டு. அந்தப் படிவம் மூன்று பிள்ளை பாயசக் கடையில் நின்றது. நீங்கள் வாங்கிக் குடித்திருப்பீர்கள்.

பத்தரைக்குப் பெயர் படித்தோம். மழை பிடித்துக்கொண்டது, கெனோப்பி மேல் விழுந்த சத்தத்தில் முதல் நாலு பெயர் பின்னாடி இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் நிறுத்தி, மழை குறையும்வரை நின்றுகொண்டே இருந்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பெயருக்குப் பெயர் வருஷம் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. எழுபதுகளின் ஒரு பெயர் வந்தபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரை. அவர் அப்பா. அவரை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவர் எழுந்ததைப் பார்த்து அடுத்தடுத்த பெயருக்கு அந்தந்தக் குடும்பத்தார் சிலர் எழுந்தார்கள், சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். எல்லாம் முடிந்து ஒரு நிமிஷ மௌனம். அவரவர் தங்கள் பிரார்த்தனையைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மறுபடியும் தோசைக் கடைக்கு வரிசை.

பொன்னாடை இல்லை. மாலை இல்லை. சிறப்புரை இல்லை. இதுக்கும் சிலருக்கு வருத்தம், தெரியும். நாங்கள் போன சில விருந்துகளில் பொன்னாடை போர்த்தவே நாற்பது நிமிஷம் ஆச்சு, ஒவ்வொன்றும் பதினைந்து இருபது வெள்ளி. ஆயிரம் வெள்ளிக்கு ஒரு மேசை என்று விற்று, அதில் பாதிக்கு மேல் ஓட்டலுக்கே போன கதையும் பார்த்திருக்கோம்.

இப்போ கணக்கு. கூப்பன் விற்றது 13,420 வெள்ளி. மொய்யாக உறையில் வந்தது 2,310. மொத்தம் 15,730. செலவு 4,090: கெனோப்பி, மேசை நாற்காலி வாடகை, மண்டபம், கேஸ், கூப்பன் அச்சடிப்பு, டப்பா, தட்டு. நூற்றுக்கு 26 வெள்ளி செலவு. அரிசி, எண்ணெய், தேங்காய், பால் எல்லாம் நீங்கள் கொண்டுவந்து கொடுத்தது, அதனால்தான் இந்த அளவில் நின்றது. கையில் மிச்சம் 11,640.

பத்தாயிரம் வரவில்லை. அந்தப் பெரிய மனிதரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். புரியுது, ஆனால் கம்பெனியில் நான் கணக்குக் காட்டணும், படம் இல்லாமல் முடியாது என்றார். அவர் நிலைமை அவருக்கு. அன்றைக்குக் காலையில் ஆள் விட்டு இருநூறு வெள்ளிக்குக் கூப்பன் வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது பிள்ளைகளுக்கும் வேன் கட்டணம், படிவம் நாலு ஐந்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எல்லாம் சேர்த்து மாசம் 1,450 வெள்ளி ஆகுது. கையில் இருப்பது எட்டு மாசத்துக்கு வரும், நாற்பது வெள்ளி மீதி. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை. வேன்காரருக்கும் டியூஷன் வாத்தியாருக்கும் நேராகக் கட்டுகிறோம், பிள்ளைகள் கையில் உறை கொடுப்பது கிடையாது. எந்தப் பிள்ளைக்கு யார் கட்டுகிறார் என்று வேன்காரருக்கே தெரியாது, "ஒரு அங்கிள் கட்டிட்டாரு" என்றுதான் தெரியும்.

மார்ச்சுக்குப் பிறகு? அந்தப் பத்தாயிரம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதை நாங்கள் மறைக்கவில்லை, கூட்டத்தில் இதைச் சொல்லி எங்களைத் திட்டியவர்களும் இருக்கிறார்கள். அப்போது நம்ம குருக்கள் ஒரு யோசனை சொன்னார். நவராத்திரிக்கு ஒன்பது நாள் உபயத்துக்கு என்றைக்காவது ஆள் தேடி அலைந்திருக்கோமா? மூன்றாம் நாள் உபயம் தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம். தாத்தா போனார், அப்பா செய்தார், இப்போ மகன் கோலாலம்பூரிலிருந்து வந்து செய்கிறார். யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதே மாதிரி இதையும் மாச உபயமாக எழுதிவிடுங்கள் என்றார். ஒரு மாசம் ஒரு குடும்பம், இல்லாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாசம். உபயக்காரர் பெயர் பலகையில் இருக்கும், பிள்ளைகள் பெயர் எங்கேயும் இருக்காது. ஒன்பது பேரில் கடைசிப் பிள்ளை எஸ்பிஎம் எழுத இன்னும் பத்து வருஷம் இருக்கு. அதுவரைக்கும் ஓடணும் என்றால் ஒரு நாள் விருந்தால் முடியாது, உபயத்தால்தான் முடியும் என்று எங்களுக்கும் பட்டது.

ஏப்ரல் மாச உபயம் அன்றைக்கே எடுத்தாச்சு. பின்வரிசையில் எழுந்து நின்றாரே, அந்தப் பெரியவர். பலகையில் பெயர் போட வேண்டாம், ஏப்ரல் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தன் அப்பா போனது ஏப்ரலாம். மே மாசத்தை மூன்று ஆசிரியைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜூன், ஜூலை இரண்டும் இன்னும் திறந்திருக்கு.

விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அலுவலக அறைக்கு வாங்க. கணக்குப் புத்தகம் அங்கேதான் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ரசீதுகளின் நகல் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பலகையில் ஒட்டுவோம், பிள்ளைகள் பெயர் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டு.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கு. ஜேஎச்இவி பாரங்கள், ஓய்வூதியக் கடிதங்கள் இதெல்லாம் தெரிந்த முன்னாள் ராணுவத்தினர், அரசாங்க ஊழியர்கள் யாராவது இருந்தால், அந்த அக்காவின் பிளாஸ்டிக் பையோடு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மலாய் நல்லா எழுதத் தெரிந்தவர் ஒருவரும் கூட வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணி என்று வைத்திருக்கோம். பசியாற இட்லி உண்டு.

ஓம் சக்தி.